குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை: காலித் தோட்டா உறைக்கு மறுவாழ்வு தரும் வேலை

சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்த எந்த இளையரைக் கேட்டாலும் சொல்வார். சுடும் பயிற்சி முடிந்ததும் குனிந்து காலி உறைகளைப் பொறுக்க வேண்டும். பிறகு, தோட்டாவோ காலி உறையோ எதுவும் தம்மிடம் இல்லை என்று அதிகாரியின் முன் உரக்க உறுதி கூற வேண்டும். சுண்டுவிரல் அளவுள்ள ஒரு வெற்றுப் பித்தளைக் குழாய்க்கு இத்தனை கெடுபிடியா என்று பலருக்கும் அப்போது தோன்றியிருக்கும்.

அந்தக் குழாய் வெறும் குப்பை அன்று. அதைக் கழுவி, இளக்கி, அளவெடுத்து, புதிய மருந்தும் குண்டும் வைத்தால் மீண்டும் முழுத் தோட்டாவாகிவிடும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் இதை முறைப்படி செய்கிறார்கள். ஒரே உறையைப் பத்து முறைக்கு மேலும் பயன்படுத்துவோர் உண்டு.

இங்குள்ளவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சிங்கப்பூரில் சட்டம் இன்னும் இறுக்கமானது. வீட்டு மேசையில் உட்கார்ந்து தோட்டா நிரப்பும் பழக்கத்துக்கு இந்த இரு நாடுகளிலும் இடமில்லை. நம் ஒலிம்பிக் வீரர்களுக்கு அதன் தேவையும் இல்லை. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய மலேசிய வீராங்கனை நூர் சுரியானி தைபி சுட்டது காற்றுத் துப்பாக்கியால். அதில் உறையே கிடையாது, 4.5 மில்லிமீட்டர் ஈயச் சிறுகுண்டு மட்டும்தான். 50 மீட்டர் போட்டியில் பயன்படும் சிறிய தோட்டாவின் அடி விளிம்பிலேயே தீமூட்டும் மருந்து பூசப்பட்டிருக்கும். சுட்டபின் அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால் அது நடைமுறையில் மறுபடி நிரப்ப உதவாது.

ஆனால் இந்த உறையின் கதையில் உலோகம் பற்றிய ஒரு செய்தி இருக்கிறது. அது இந்தியாவின் மழைக்காலத்தில் தொடங்கி நம் வீட்டுப் பூசையறை விளக்கு வரை வருகிறது.

உறை செய்யும் வேலை என்ன?

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. நுனியில் இருப்பது குண்டு. உள்ளே எரிமருந்து. அடியில், தட்டினால் பொறி தரும் சின்னக் கிண்ணம் போன்ற பிரைமர். இந்த மூன்றையும் தாங்கி நிற்பது பித்தளை உறை. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது உறை மட்டுமே.

எரிமருந்து பற்றியவுடன் எழும் அழுத்தம் சாதாரணமானது அல்ல. 1952இல் அறிமுகமான 308 வின்செஸ்டர் என்ற பரவலான ரகத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அளவு, சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 32 பவுண்டு. கிட்டத்தட்ட 1,900 மடங்கு! இந்த அழுத்தத்தில் உறை நொடியின் சிறு துணுக்குக்குள் உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் வாயு கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் மயிரிழை அளவு சுருங்குகிறது. அப்போதுதான் அதை வெளியே இழுக்க முடியும். உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இந்த இரண்டையும் நன்றாகச் செய்வதால்தான் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த வேலையில் நீடிக்கிறது. அந்தக் கலவைக்குத் தொழிலில் ‘தோட்டாப் பித்தளை’ என்றே பெயர்.

இதன் உற்பத்தி நம் வட்டாரத்துக்கும் புதிதல்ல. 1967இல் சிங்கப்பூரில் சார்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதே 5.56 மில்லிமீட்டர் தோட்டா தயாரிப்பதற்காகத்தான். மலேசியாவில் சிலாங்கூரின் பத்து ஆராங் பகுதியில் வெடிபொருள் தொழிற்சாலை இயங்குகிறது.

ஒரு சாண் வித்தியாசம்

கடைத் தோட்டா கிடைக்கும்போது இவர்கள் ஏன் மெனக்கெடுகிறார்கள்? காசு மிச்சம் என்பது ஒரு காரணம். போட்டியாளருக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவார்சனின் பெயரால் வழங்கும் ‘எஃப் கிளாஸ்’ போட்டியில் இலக்கு 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி நிற்கும். குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடி அளவு ஆகும். அதற்குள் அது பல மீட்டர் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கணக்கிட்டுத்தான் குறி வைக்கிறார்கள். இரண்டு குண்டுகளின் வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர் மாறுபட்டால்கூட, இலக்குப் பலகையில் ஏறத்தாழ ஒரு சாண் மேலும் கீழுமாக விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே பத்து அங்குலம்தான். ஒரு சாண் தவறினால் ஆட்டம் போய்விடும்.

வேகம் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால் மருந்தின் எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. உறையின் கழுத்து ஒவ்வொரு குண்டையும் ஒரே இறுக்கத்தோடு பிடித்திருக்க வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் பிடித்தால் மருந்து எரியும் விதமே மாறிவிடும். பாதி வெற்றி பித்தளையில் என்று இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

முதல் வேலை பார்வையிடுவது. வெயிலில் அல்லது நல்ல விளக்கொளியில் ஒவ்வொரு உறையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கழுத்தில் கீறல் உண்டா, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென ஒரு வளையம் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். அந்த வளையம் தெரிந்தால் உறையின் சுவர் உள்ளே மெலிந்துவிட்டது என்று பொருள். ஐயம் இருந்தால் ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சற்றே வளைத்து, உள்ளே விட்டு வருடிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறைக்கு அதோடு விடை. துணிந்து மறுபடி சுட்டால், சுடும்போது உறை இரண்டாகப் பிரிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். கண்ணாடி அணியாமல் சுடாதே என்று எல்லாத் தளங்களிலும் எழுதி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலையேதும் இல்லாத ஒரு கிளிப் கண்ணைக் காப்பாற்றுகிறது.

அடுத்து, செத்த பிரைமரைத் தள்ளி எடுப்பது. இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அடியில் நடுவே ஒரே துளை உள்ள உறையிலிருந்து பிரைமரை ஓர் ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். இந்த வகையை வடிவமைத்தவர் எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஆனால் அது அமெரிக்காவில்தான் பரவியது. ஐரோப்பாவில் பரவியது ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கரின் வகை. அதில் பக்கவாட்டில் சிறு துளைகள் இருப்பதால் ஊசி வைத்துத் தள்ள முடியாது. மறுபடி நிரப்புவோர் தேடுவது பாக்ஸர் வகையையே.

பிறகு கழுவுவது. சோளத்தக்கைத் தூளோடு அதிரும் தொட்டியில் போட்டு உருட்டுவது பழைய முறை. தண்ணீரும் மெல்லிய எஃகு ஊசிகளும் போட்டு உருட்டுவது இப்போதைய முறை. இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. உலர்முறையில் உருட்டிய தூளைச் சலிக்கும்போது எழும் புழுதியில் அந்த ஈயம் கலந்திருக்கும். சமையலறையில், குழந்தைகள் தவழும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது என்று அனுபவசாலிகள் கண்டிப்பாகச் சொல்வார்கள். சலித்த சல்லடை மீண்டும் அடுப்படிக்கு வரக் கூடாது.

ஈரமுறையில் தண்ணீரோடு சிறிது சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். எலுமிச்சையில் இருப்பது அதுதான். நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்த்ததும் இதே வேதியியல்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், அவ்வளவே வேறுபாடு. அளவு மீறினால் நேரும் கெடுதலும் ஒன்றே: அதிக நேரம் அமிலத்தில் ஊறிய பித்தளை மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகும். மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தலைகாட்டுகிறது என்று அர்த்தம்.

தட்டினால் விறைக்கும், சுட்டால் இளகும்

எல்லாவற்றிலும் நுணுக்கமானது உறையின் கழுத்தைச் சூடாக்கி இளக்கும் வேலை. அனீலிங் என்பார்கள். பித்தளைப் பாத்திரம் அடிக்கும் கன்னாருக்கு இது புதிதல்ல. தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட அது விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தட்டினால் விண்டுவிடும். அதற்கு முன் நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி தட்டுவார்கள். உலோகத்துக்குள் இருக்கும் மணிகள் தட்டும்போது சிதைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சூடேறும்போது புதிதாக, சிக்கலில்லாத மணிகள் பிறக்கின்றன.

தோட்டா உறைக்கும் இதே கதைதான். சுடும்போது கழுத்து விரிகிறது, அச்சில் வைத்து அழுத்தும்போது சுருங்குகிறது, குண்டு நுழையும்போது மீண்டும் விரிகிறது. நாலைந்து சுற்றுக்குப் பின் கழுத்து விறைத்து, குண்டைப் பிடிக்கும் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறத் தொடங்கும். பிறகு நீளவாக்கில் கீறல் விழும்.

ஆகவே கழுத்தையும் தோள்பகுதியையும் மட்டும் சில விநாடிகள் தீயிலோ மின்தூண்டல் சுருளிலோ காட்டி எடுப்பார்கள். ‘மட்டும்’ என்பதுதான் இங்கே உயிர். உறையின் அடிப்பகுதி விறைப்பாகவே இருந்தாக வேண்டும். முழு அழுத்தத்தையும் பின்னிருந்து தாங்குவது அதுதான். ஆர்வக்கோளாறில் உறை முழுவதையும் அடுப்பில் வைத்து இளக்கியவரின் துப்பாக்கியில் அந்த அடிப்பகுதி மெழுகுபோல விரிந்து, வாயு பின்னோக்கிப் பாயும். வெளியில் பார்த்தால் அந்த உறை நல்ல உறை போலவே தெரியும் என்பதுதான் ஆபத்து. அதனால்தான் பழைய காலத்தில் உறைகளைத் தண்ணீர்த் தட்டில் பாதி மூழ்க நிற்கவைத்துக் கழுத்தில் தீ காட்டினார்கள். இப்போது குறிப்பிட்ட வெப்பத்தில் உருகி நிறம் மாறும் சாயத்தைத் தடவி, வெப்பம் எதுவரை இறங்கியது என்று கண்டுகொள்கிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது கண்ணுக்குக் கண் மாறும்.

இளக்கியபின் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவார்கள். உறையின் தோள் பின்னுக்குத் தள்ளப்படும் தூரம் வெறும் 0.05 மில்லிமீட்டர், நகலெடுக்கும் தாளின் தடிமனில் பாதி. அதற்கு மேல் தள்ளினால் சுடும்போது உறை நீண்டு, முன்னே சொன்ன அந்த வளையம் விரைவில் தோன்றிவிடும். அழுத்த அழுத்த உறை முன்பக்கம் நீளவும் செய்யும். 308 ரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். அதைத் தாண்டியதை வெட்டி, வாய் விளிம்பின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குவார்கள். எடை போட்டுப் பிரிப்பது, பிரைமர் குழியைச் சுரண்டுவது, கழுத்துச் சுவரைச் சுற்றிச் சீவுவது என்று இன்னும் பல வேலைகள் உண்டு. அவற்றில் எது உண்மையில் புள்ளியைக் கூட்டுகிறது, எது மனத் திருப்திக்கு என்ற வாக்குவாதம் ஓயவில்லை. எடை போடுவதில் பலன் குறைவு என்போர் கணிசமாக உண்டு.

லாயத்தில் நடந்தது

பித்தளையின் குணம் இத்தனை துல்லியமாகத் தெரிய வந்ததற்குப் பின்னால் இந்திய மழைக்காலம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், பருவமழையின்போது இந்தியாவில் படை நடமாட்டம் குறைந்துவிடும். மழை ஓயும்வரை தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெயில் காலம் வந்து பெட்டியைத் திறந்தால், யாரும் சுடாத, யாரும் தொடாத தோட்டாக்களில் நிறைய வெடிப்பு! குறிப்பாக, குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்.

துருவா என்றால் இல்லை. பித்தளை இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. ‘சீசன் கிராக்கிங்’, அதாவது பருவ விரிசல், என்ற பெயர் மட்டும் நிலைத்தது. காரணம் பிடிபட 1921ஆம் ஆண்டு வரை ஆனது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஒரு குற்றவாளி. உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை இன்னொரு குற்றவாளி.

இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. ஈரக்காற்றில் கலந்த அமோனியா செம்பைக் கரைக்கவல்லது. உலோக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைக்கோடுகளில் அது நுழைகிறது. உள்ளிருக்கும் இழுவிசையோ அந்த எல்லையை ஓயாமல் பிளக்கப் பார்க்கிறது. ஒன்று அறுக்க, ஒன்று இழுக்க, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் கீறல் உள்ளே ஓடுகிறது. துத்தநாகம் கூடக் கூட இந்த நோய் கூடும். 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். தோட்டாப் பித்தளையில் அது 30 விழுக்காடு.

கண்டுபிடித்தபின் மருந்து எளிதாக இருந்தது. உறையைச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால், விறைப்பு குறையாமலே உள்ளிருக்கும் இழுவிசை மட்டும் தணிந்துவிடும். கன்னார் இளக்குவது வேறு, இது வேறு. இழுவிசை மிச்சம் இருக்கிறதா என்று அறிய, மாதிரி உறையைப் பாதரச உப்புக் கரைசலில் அமிழ்த்திப் பார்க்கும் சோதனையும் வழக்கத்துக்கு வந்தது. இழுவிசை இருந்தால் உறை அங்கேயே விரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாதரசம் பட்ட தங்க வளையல் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அறிந்த பொற்கொல்லருக்கு இதில் வியப்பு இருக்காது.

இன்றும் அமோனியா கலந்த மெருகுத் திரவத்தால் தோட்டா உறையைத் துடைக்கக் கூடாது என்று அந்த விளையாட்டுக்காரர்கள் கண்டித்துச் சொல்வது இதனால்தான். பளபளப்பு வரும், ஆனால் நிரப்பி வைத்த தோட்டாவின் கழுத்து, பெட்டிக்குள்ளேயே வெடித்துக் கிடக்கலாம்.

வீட்டுப் பித்தளைக்கு

இந்த விஷயம் நம் வீடுகளிலும் பொருந்தும். கடையில் கிடைக்கும் சில பித்தளை மெருகுப் பொருள்களில் அமோனியா உண்டு. மூக்கைத் துளைக்கும் நெடியே அதைச் சொல்லிவிடும். வார்த்து எடுத்த கனமான குத்துவிளக்குக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. நாச்சியார்கோயில் விளக்குகள் வார்ப்பு வேலைதான். உள்ளே இழுவிசை குறைவு. மெல்லிய தகட்டில் தட்டி அடித்த குடம், சொம்பு, அண்டா, சுழலும் அச்சில் அழுத்தி எடுத்த தாம்பாளம் போன்றவற்றில்தான் இழுவிசை தங்கியிருக்கும். தாத்தா காலத்துக் குடத்தின் விளிம்பிலோ வளைவிலோ எந்த அடியும் படாமல் கீறல் விட்டிருந்தால், இந்தக் காரணத்தையும் நினைத்துப் பார்க்கலாம். தோட்டப்புறங்களில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பாத்திரம் அடுக்கி வைத்த வீடுகள் எத்தனையோ. கொட்டகையில் எழுவதும் லாயத்தில் எழுந்த அதே அமோனியாதான்.

செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலப் பானைக்கு இந்தத் தொல்லை அந்த அளவு கிடையாது.

மெல்லிய பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியோ எலுமிச்சையோ போதும். ஊறவைக்காமல் தேய்த்தவுடன் நிறையத் தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சற்று வைத்து எடுக்கலாம். மெருகுத் திரவம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், துடைத்தபின் சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி எடுப்பது நல்லது. ஈரத்தோடு அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. கழிவறை கழுவும் அமோனியாத் திரவத்தைப் பித்தளை வைத்திருக்கும் அதே அடைத்த அலமாரியில் வைப்பதும் வேண்டாம்.

தோட்டா உறையை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு மட்டும் தனியே ஒரு சொல். ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ உறவினர் கொடுத்தார் என்று காலி உறையைச் சாவிக்கொத்தில் மாட்டியபடி விமான நிலையத்துக்குப் போனால், அது வெற்று உறைதான் என்று விளக்கிக்கொண்டிருப்பதற்குள் விமானம் கிளம்பிவிடக்கூடும். அதை அங்கேயே விட்டுவிட்டு வருவதே மேல்.